பூம்புகார் முதல் கோடியக்கரை வரை: ஒருநாள் வரலாற்று உலா

சற்று நீண்ட பதிவு. அவசரம் உள்ளவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். இப்போது அவரும் ஆசிரியர்தான், அதுவும் இந்தக் கடற்கரையிலேயே ஒரு நடுநிலைப்பள்ளியில். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போக வேண்டுமாம். சென்னையில் ஏதோ தண்ணீர் விளையாட்டுப் பூங்கா பார்த்து வைத்திருக்கிறார். தலைக்கு இவ்வளவு ரூபாய், போக வர ஒரு பகல் ஓர் இரவு பேருந்தில். "நம்ம பக்கம் இருக்கலாமேப்பா" என்றேன். "நம்ம பக்கம் என்ன சார் இருக்கு? கடல்தான் இருக்கு. அதத்தான் தினம் பாக்குறாங்களே" என்றார். அவரிடம் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்.

பூம்புகாரில் தொடங்கிக் கோடியக்கரையில் முடித்தால் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மயிலாடுதுறை மாவட்டம், புதுச்சேரி மாநிலத்துக் காரைக்கால், நாகப்பட்டினம் மாவட்டம் என்று மூன்றைத் தாண்டிப் போகிறோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் முடிக்கலாம். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதையும் பார்க்க முடியாது. அதனால் எங்கே இறங்க வேண்டும், எங்கே ஜன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்பதையும் என் போக்கில் சொல்கிறேன்.

பூம்புகார்.

காவிரி கடலில் சேரும் இடம். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பாடிய ஊர். பிள்ளைகள் முதலில் ஏமாந்துதான் போவார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். பெரிய மாளிகையும் கிடையாது, மதிலும் கிடையாது. 1973-ல் கலைஞர் காலத்தில் எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடம், ஏழுநிலை மாடம், கண்ணகி கதையைச் சொல்லும் சிற்பங்கள், அப்புறம் கடல். மூலக்கதை தெரியாத பிள்ளைக்கு அந்தச் சிற்பங்கள் புரியாது. பேருந்திலேயே கதையைச் சொல்லி முடித்துவிடுங்கள்.

இங்கே நான் காட்ட விரும்புவது கலைக்கூடத்தை அல்ல. பக்கத்தில் கீழையூரில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. படகு கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களும் அப்படியே மண்ணுக்குள் இருந்தன. அந்த மரத்தைச் சோதித்ததில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. பல்லவனீச்சரத்தில் புத்த விகாரை ஒன்றின் அடித்தளமும், புத்தர் பாதம் செதுக்கிய கல்லும் கிடைத்தன. மணிமேகலை சொல்லும் ஊரில் புத்தம் இருந்ததற்கு மண்ணே சாட்சி சொன்னது.

இந்த இடத்தில் ஒரு விண்ணப்பம். பூம்புகார் பத்தாயிரம் ஆண்டுப் பழமை, பதினைந்தாயிரம் ஆண்டுப் பழமை என்று வாட்சப்பில் வருவதைப் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டாதீர்கள். கடலுக்கடியில் ஆய்வு நடந்திருக்கிறது, இன்னும் நடக்க வேண்டும். ஆனால் நம் கையில் வைத்துக் காட்டக்கூடிய சான்று இன்று ஏறத்தாழ 2,300 ஆண்டுக்குப் போகிறது. செங்கல்லும் மரமுமாக ஒரு துறைமுகத்தை 2,300 ஆண்டுக்கு முன் கட்டியவர்களுக்கு நாம் கூடுதலாக ஒரு சைபர் போட்டுத்தான் பெருமை சேர்க்க வேண்டும் என்பதில்லை.

அங்கிருந்து தரங்கம்பாடி.

தெற்கே இருபது கிலோமீட்டர் இருக்கும். இங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கரையிலேயே பாடம் நடத்த இதைவிட நல்ல வகுப்பறை இல்லை.

ஊருக்குள் நுழைந்ததும் வெள்ளையடித்த ஒரு நுழைவாயில் வரும். 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. அதன் கோடியில் டேனியக் கோட்டையும் கடலும். ஆனால் நீங்கள் முதலில் கோட்டைக்குள் போகாதீர்கள். கரையோரம் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். அங்கே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று இருக்கிறது. குலசேகரன்பட்டினம் என்றும் பெயர். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்னாலேயே இது 'பட்டினம்', அதாவது வாணிகம் நடந்த துறைமுகம். அவர்கள் வந்து ஒரு குப்பத்தைத் துறைமுகமாக மாற்றினார்கள் என்று சொல்வதை இந்த ஒரு கல்லை வைத்தே மறுக்கலாம். கோயிலின் பழைய கட்டடத்தில் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இன்று நிற்பது சீரமைத்தது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகளைப் பார்த்தாலே கடலோடு நடக்கும் சண்டை புரியும்.

இப்போது கோட்டை. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில் ஓவே யெட்டே என்ற கடற்படைத் தளபதி வந்தார். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய கடிதம் தங்கத் தகட்டில், தமிழில் எழுதப்பட்டது. அது இன்றும் கோபன்ஹேகனில் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: தஞ்சாவூர் அரசர் தெலுங்கு பேசும் நாயக்கர், கடிதம் பெறுபவர் டென்மார்க் அரசர், எழுதியது தமிழில். ஏன்? ஐந்து நிமிடம் அவர்களையே பேச விடுங்கள். நல்ல பதில்கள் வரும்.

கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும், மேலே ஆளுநர் வாழ்ந்த பகுதியும் இருந்தன. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மிளகுக்காகவும் துணிக்காகவும் வந்தவர்கள் 225 ஆண்டு இருந்தார்கள். 1845-ல் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் விற்கப்பட்ட செய்தி ஊராருக்கு யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கோட்டை மாடியில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்.

ஆனால் தரங்கம்பாடி எனக்குப் பிடித்தது கோட்டைக்காக இல்லை. ஒரு மாணவருக்காக.

1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மானியர் வந்து இறங்கினார். 24 வயதுகூட நிரம்பவில்லை. தமிழில் ஒரு சொல் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திய வயதான ஓர் ஆசிரியரைப் பிடித்து, உங்கள் பள்ளியை என் வீட்டிலேயே நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 37 வருடம் சாக்பீஸ் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மொழி கற்க அதைவிட நல்ல முறையை எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை. பெரியவர்கள் பலரும் தோற்பது அந்த மணலில் உட்காரக் கூச்சப்பட்டுத்தான்.

பிறகு அவர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், படித்தார், பட்டியல் போட்டார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். முந்நூறு ஆண்டுக்கு முன் நம் மக்கள் கல்யாணம், சாதி, சாமி, மருத்துவம் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவை இன்று அரிய சான்றுகள். அவர் வந்த நோக்கம் மதம் பரப்புவது. அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அந்த நோக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். சொந்த நாட்டு ஆளுநர் ஹாசியஸோடே மோதி நான்கு மாதம் சிறையில் கிடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பியர் எல்லாரும் ஒரே கட்சி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

அச்சு விஷயத்தில் ஒரு திருத்தம். தமிழில் முதலில் அச்சடித்தது தரங்கம்பாடியில்தான் என்று பலர் பகிர்கிறார்கள். இல்லை. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் இடையில் நீண்ட காலம் அந்த வேலை நின்றுபோயிருந்தது. தரங்கம்பாடியில் தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்த்து வந்து சேர்ந்தது 1713. புதிய ஏற்பாடு 1715-ல் முழுதாக வெளிவந்தது. வந்த எழுத்துகள் பெரிய அளவாக இருந்ததால் காகிதம் நிறையத் தின்றன. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி எழுத்து வார்த்த கதையை இதற்குச் சொல்வார்கள். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றில் ஆலை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் இன்னும் அங்கே வழங்குகிறது. நான் அழைத்துப் போன பிள்ளைகளில் ஒருவன், "சார், எங்க பாட்டி ஊர் அதுதான். பேரு ஏன் அப்படின்னு இப்பதான் தெரியுது" என்றான். எட்டாம் வகுப்புப் பையன். ஒரு சுற்றுலாவுக்கு அது போதாதா?

சீகன்பால்க் 1719-ல், 36 வயதில் இறந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம். ஆலயம் ராஜ வீதியில்தான் இருக்கிறது. அமைதியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்று. இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று வருகிறவர்களிடம் சொல்வார்கள். வகுப்பில் அறிவியல் ஆசிரியர் உடன் வந்தால் அவரையே விளக்கச் சொல்லுங்கள். ஓசோன் மேலே வானத்தில் இருந்தால் நமக்குக் குடை. மூக்கில் ஏறினால் நுரையீரலுக்கு ஆகாது. நல்ல காற்று அடிக்கிறது என்று சொன்னாலே போதும்.

அடுத்தது காரைக்கால். பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் பிடித்த ஊர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. ஆனி மாதம் என்றால் மாங்கனித் திருவிழாவுக்கு இறங்குங்கள். பெண் ஒருவர், அதுவும் வணிகர் குலத்துப் பெண், பேயுரு வேண்டிப் பெற்று இறைவனைப் பாடிய ஊர். மற்ற மாதங்களில் அம்மையார் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு, காலைச் சிற்றுண்டியோ டீயோ முடித்துக்கொண்டு கிளம்பலாம். பேருந்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால், காரைக்காலில் அவர்கள் இறங்காமல் பார்த்துக்கொள்வது வழிநடத்துபவர் பொறுப்பு. காரணம் ஊருக்கே தெரியும்.

நாகூர்.

தூரத்திலேயே மினாராக்கள் தெரியும். சாகுல் ஹமீது நாயகத்தின் தர்கா. ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஒரு மராட்டிய இந்து மன்னர், தமிழ்நாட்டில், ஒரு முஸ்லிம் மகானின் அடக்கத்தலத்துக்கு மினாரா கட்டினார். கந்தூரிக்குக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வருவதை நம்மில் பலர் தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்திருப்போம்.

இங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. 1828 முதல் 1830 வரை கட்டியது. பினாங்கிலும் உண்டு. கப்பலேறிய நம் வணிகர்கள் போன இடத்தில் எல்லாம் நாகூரார் பெயரைச் சொல்லிக் கட்டிக்கொண்டார்கள். கடலில் புயல் அடித்தால் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமல்லவா?

நாகப்பட்டினம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நாகையில் பார்க்க ஒன்றும் இல்லை என்பவர்கள் ஒரு வகையில் சரியாகத்தான் சொல்கிறார்கள். பார்க்க வேண்டியது இடிக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் இந்த ஊரைக் கண்ணால் காட்ட முடியாது, சொல்லித்தான் காட்ட வேண்டும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாரவிஜயோத்துங்கவர்மன் என்ற அரசர் நாகையில் ஒரு புத்த விகாரை கட்டினார். தம் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் சூளாமணிவர்ம விகாரம் என்று பெயரிட்டார். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அங்கிருந்து வணிகத்துக்கு வந்து தங்குகிறவர்கள் வழிபட ஓர் இடம். அந்த விகாரைக்கு முதலாம் ராஜராஜ சோழன் தமது 21-ஆம் ஆட்சியாண்டில், 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார். நாகை மாவட்டத்தில் அந்த ஊர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

கொடுத்த விதத்தைச் செப்பேடு விவரிக்கிறது. ஒரு பெண் யானையை ஊர் எல்லையைச் சுற்றி நடத்தி, அது நடந்த வழியையே எல்லையாகக் குறித்தார்கள். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். ஆண்டுக்கு வர வேண்டிய நெல் 8,943 கலத்துக்கு மேல். எந்த வாய்க்கால், எந்தக் குளம், எதற்கு வரி, எதற்கு விலக்கு என்று நம் பத்திரப்பதிவு அலுவலகம் தோற்றுப்போகும் அளவுக்கு விவரம். ராஜராஜன் இறந்த பிறகு மகன் ராஜேந்திரன் இதைச் செப்பேட்டில் வெட்டுவித்து முத்திரை பதித்தார். 21 ஏடுகள், பெரிய வளையம் ஒன்றில் கோத்தது. ஏறக்குறைய 30 கிலோ எடை. டச்சுக்காரர்கள் காலத்தில் அது ஹாலந்துக்குப் போய், பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தது. அதனால்தான் ஆனைமங்கலத்துச் செப்பேட்டுக்கு லெய்டன் செப்பேடு என்று பெயர். நம் நிலத்தின் பத்திரம், இன்னொரு நாட்டு ஊரின் பெயரில்.

யோசித்துப் பாருங்கள். கொடுத்தவர் தஞ்சைப் பெருவுடையார் கோயில் கட்டிய சிவபக்தர். பெற்றது புத்த விகாரை. கட்டியவர் கடலுக்கு அப்பால் இருந்த அரசர். அதோடு நிற்கவில்லை. நாகைக் காரோணம் சிவன் கோயில் கல்வெட்டுகளில், அதே ஸ்ரீவிஜய, கடார அரசர்களின் ஆட்கள் சிவனுக்கு நகைகளும், 'சீனக் கனகம்' என்று சொல்லப்படும் சீனத்துப் பொன்னும் கொடுத்த செய்தி இருக்கிறது. இவர் அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார், அவர் இவர் கோயிலுக்குப் பொன் கொடுத்தார்.

இதை இனிப்பாகவே சொல்லி முடித்துவிடக் கூடாது. அதே ராஜேந்திரன்தான் 1025-ஐ ஒட்டிக் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கினார். கடாரம் கொண்டான் என்று பாடப்புத்தகத்தில் நாமே கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டோம். தந்தை கொடுத்த தானத்தைச் செப்பேடாக்கிய கைதான் அங்கே படையும் அனுப்பியது. வாணிகமும் நட்பும் போட்டியும் போரும் ஒரே கடலில் நடந்தன. மறுபடி 1090-ஐ ஒட்டி, முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்து அரசரின் தூதர்கள் வந்து கேட்டுக்கொள்ள, அதே விகாரைகளின் நிலங்களுக்கு வரிவிலக்கு உறுதிசெய்யப்பட்டது. அது சிறிய லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது, மூன்றே ஏடுகள். போர் நடந்து 65 ஆண்டுக்குப் பிறகும் விகாரைக்கு நெல் போய்க்கொண்டுதான் இருந்தது!

சீனர்களுக்கும் இங்கே ஒரு கோபுரம் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் வந்த வாங் தாயுவான் என்ற சீனப் பயணி செங்கல் கோபுரம் ஒன்றையும், அதில் 1267-ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகளையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்ன ஊர் நாகைதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டிலும் நாகையில் மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. மேற்கூரை இல்லாமல், சிதைந்து, ஆனாலும் கடலில் வரும் கப்பலுக்கு அடையாளமாக நின்றது. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், வெள்ளைக்காரர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். சர் வால்டர் எலியட் என்ற அதிகாரி அதன் படத்தையும் விவரத்தையும் பதிவுசெய்தார்.

1867-ல் அதை இடித்தார்கள். அங்கே கல்லூரி நடத்த வந்த இயேசு சபையினர், கோபுரம் விழுந்துவிடும் நிலையில் இருக்கிறது என்று சொல்லி அனுமதி கேட்டார்கள். சென்னை அரசாங்கம் கொடுத்தது. பல நூற்றாண்டு புயலுக்குத் தாங்கியது ஓர் உத்தரவுக்குத் தாங்கவில்லை. கேட்டவர்கள் பின்னால் நாகையை விட்டே போய்விட்டார்கள். அந்தக் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு இடம் மாறியது.

இதைச் சொன்னால் உடனே கமெண்டில் ஒரு கூட்டம் ஒரு மதத்தைத் திட்ட வரும் என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அந்த விகாரைகள் ஆளில்லாமல் பாழானது அதற்கும் பல நூற்றாண்டு முன்னால். அதற்கு யார் பொறுப்பு? ஊரில் எத்தனை வீட்டில் அந்தப் பழைய செங்கல் சுவராகியிருக்கும்? இடிக்க அனுமதித்தது அரசாங்கம், பார்த்துக்கொண்டு நின்றது ஊர். தன்னுடையது என்று கேட்க ஒருவரும் இல்லாத கட்டடம் அது. அப்படி ஆள் இல்லாமல் நிற்கும் கட்டடங்கள் இன்றும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. திட்டுவதற்குப் பதில், உங்கள் ஊரில் இருப்பதைப் படம் எடுத்து, அளந்து, கமெண்டில் போடுங்கள். நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

மிச்சம் என்ன? 1856-ல் தொடங்கி 1930-கள் வரை இந்த மண்ணில் ஏறக்குறைய 350 புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. முதலில் கிடைத்தவை இலுப்பை மரம் ஒன்றின் அடியில் புதைந்திருந்தவை. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். தண்ணீர்ப் பூங்காவுக்குத்தான் சென்னை போவேன் என்கிற என் மாணவருக்கு ஒரு யோசனை: வழியில் எழும்பூரில் இரண்டு மணி நேரம் இறங்கிக்கொள்ளலாம்.

நாகையில் டச்சுக்காரர் கதை தனி. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690 வாக்கில் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தையே இங்கே மாற்றிக் கோட்டை கட்டினார்கள். 1781-ல் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். கோட்டை இருந்த சுவடு இல்லை. கல்லறைகள் மிச்சம் இருக்கின்றன.

ரயில் இங்கே 1861-லேயே வந்துவிட்டது. நாகையிலிருந்து தஞ்சாவூர் வரை, மறு ஆண்டு திருச்சி வரை. அந்த ரயில் வந்ததும் தரங்கம்பாடித் துறைமுகத்துக்கு மூச்சு நின்றது. ரயிலில் வந்தது சரக்கு மட்டும் இல்லை. மலேயாவின் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் ஆயிரமாயிரமாக இந்தத் துறையில்தான் கப்பல் ஏறினார்கள். ரஜூலா கப்பல் பெயர் கேட்ட பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். எங்கள் அம்மாவின் பெரியப்பா அப்படிப் போனவர். ஒரு தகரப் பெட்டியும் இரண்டு மணியார்டர் ரசீதும் வீட்டில் இருந்தன. ஆள் வரவில்லை. கடாரத்து அரசர் பொன் அனுப்பிய அதே வழியில்தான் அவரும் போனார் என்பது ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அந்த ராசாவாச்சும் ஒரு கடுதாசி போட்டானே" என்றார்.

2004 டிசம்பர் 26-ஐப் பற்றி நாகையில் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியாது. இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நம்பியார்நகர், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று பெயர்களைச் சொன்னாலே போதும். இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவில்லை. அவர்களுக்கு அதுவும் ராஜராஜனைப் போல வரலாறுதான். நினைவிடத்தில் நிறுத்தி, அந்த ஊர்க்காரர் யாரையாவது இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். ஆசிரியர் பேச வேண்டாம்.

வேளாங்கண்ணியை எல்லாருக்கும் தெரியும். பேராலயத்தில் கும்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழுவுக்கு இடமும் கழிப்பறையும் கிடைக்கும். சுற்றுலா நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அங்கிருந்து வேதாரண்யம் நீண்ட ஓட்டம். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். தூங்கட்டும். அகஸ்தியன்பள்ளி உப்பளம் வந்ததும் எழுப்புங்கள்.

1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கினார்கள். 150 மைல். ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்தார்கள், 30-ஆம் தேதி உப்பு எடுத்தார்கள், ராஜாஜி கைதானார். இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. புத்தகத்தில் குறைவாக இருப்பது வழியில் இருந்த சாதாரண மக்கள். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று அறிவித்தார். மக்கள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடவில்லை, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள்! ஆனால் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினார்கள்? மரம்தான் கட்டிக்கொண்டது போலிருக்கிறது.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, சத்தியாக்கிரகிகளை அடிக்கும் போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி எடுத்தவர். ஒருநாள் சாதாரண உடையில் வந்த ஒருவருக்குப் பாதி முகம் மழித்த பிறகு, அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மிரட்டியும் மீதியை மழிக்கவில்லை. சிறைக்குப் போனார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ராஜாஜிக்கும் சர்தார் வேதரத்தினம் பிள்ளைக்கும் மாலை போடும் நாளில் அவருக்கும் ஒன்று போடுங்கள். நான் பிள்ளைகளை அழைத்துப் போனபோது, முடிதிருத்தும் தொழில் செய்பவரின் மகள் ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். வழக்கமாகப் பின்வரிசையில் நிற்கும் பிள்ளை. அன்று அந்தக் கதையை மற்றவர்களுக்கு அவள்தான் சொன்னாள். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள்.

கடைசியாகக் கோடியக்கரை. இங்கே கரை மேற்கே திரும்புகிறது. இலங்கை அதிக தூரம் இல்லை. பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியையும் கலங்கரை விளக்கத்தையும் தேடுவார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. சுனாமி அதையும் எடுத்துக்கொண்டது. 1967-ல் அறிவித்த வனவிலங்குச் சரணாலயத்தில் வெளிமான்கள் கூட்டமாக மேயும். காட்டுக் குதிரைகளும் உண்டு. ராமர் பாதம் என்ற சிறு மேட்டில் ஏறி நின்றால் சுற்றிலும் காடும் சதுப்பும் தெரியும்.

பூநாரைகளைப் பார்க்க வேண்டுமானால் மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி, ஜனவரியில் போங்கள். கோடையில் போனால் மான் தெரியும், பறவை இருக்காது. வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். குழு பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரித்து அனுப்புவார்கள். உள்ளே கடை கிடையாது. வேதாரண்யத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், குரங்குகள் பையைப் பிடுங்கும். திரும்பும் வழியில் பேருந்தில் பாட்டுப் போடச் சொல்வார்கள். நாகூர் ஹனிபாவில் தொடங்குங்கள்.